தேரோடு வந்த பார்சல்

இந்தச் சம்பவத்தை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாகத் தயங்கிக்கொண்டிருந்தேன். பேப்பரை எடுத்துப் பிள்ளையார் சுழி போடுவேன். அதற்குமேல் பேனா நகராது. ஒரு பக்கம் வெட்கம். இன்னொரு பக்கம், சாமி காரியத்தில் நடந்ததை வைத்துச் சிரிக்கலாமா, தெய்வக்குற்றம் ஆகிவிடாதா என்ற பயம். கடைசியில் என் மனைவி செல்விதான் ஒரு வழிக்குக் கொண்டுவந்தாள். “நீங்க எழுதறீங்களா, இல்ல நான் எழுதட்டுமா? நான் எழுதினா நீங்க அழுததையும் சேத்து எழுதுவேன்” என்றாள். (அழுதேன்தான். அதை நானே எழுதிவிடுகிறேன். அவள் எழுதினால் மூக்கு ஒழுகியதுகூட வரும்.)

போன பிரதோஷத்தன்று பழமலைநாதர் சன்னதியில் நின்று, ‘எழுதட்டுமா?’ என்று மனசுக்குள் கேட்டேன். வேண்டாம் என்று ஒரு அறிகுறியும் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் எட்டாவது வரைதான் படித்தவன். விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியில் அச்சில் களிமண் கூழ் ஊற்றுகிற வேலை. பிள்ளையாரோ குதிரையோ பூந்தொட்டியோ, எது ஆர்டர் வருகிறதோ அது. கார்த்திகை வரைக்கும் மூச்சு விட நேரம் இருக்காது. தை பிறந்துவிட்டால் வாரத்தில் பாதி நாள் வேலை இருக்காது. அந்தப் பாதி நாளை வீட்டில் உட்கார்ந்து கழித்தால் செல்வியின் பார்வையே நம்மைச் சுட்டுவிடும் என்பதால், ஒரு சாப்பாடு டெலிவரி கம்பெனியில் சேர்ந்தேன். வண்டி என்னுடைய பழைய மொபெட். நீல நிறத்தில் ஒரு பனியன் கொடுத்தார்கள். முதுகில் மாட்டிக்கொள்ள ஒரு பை கொடுத்தார்கள். பை என்று பேர்தான். மாட்டிக்கொண்டு நடந்தால் ஒரு சின்ன பீரோவுக்குக் கால் முளைத்து நடப்பதுபோல இருக்கும்.

வேலை சொல்லிக்கொடுத்த தம்பி என்னைவிடப் பாதி வயசு. “அண்ணே, ரெண்டே விஷயந்தான். பையை எங்கியும் எறக்கி வெக்காதீங்க. கஸ்டமர் போன் பண்ணா எடுக்காம இருக்காதீங்க. இது போதும், பொழச்சிக்குவீங்க” என்றான். இந்த இரண்டையும் நான் ஒருநாளும் மீறியதில்லை. அன்றைக்கும் மீறவில்லை. வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

என்னிடம் இருந்த ஒரே குறை, வழியில் கோயில் வந்தால் வண்டி தானாக நின்றுவிடும். (வண்டி மேல் பழி போடுகிறேன். நான்தான் நிறுத்துவேன்.) செருப்பைக் கழற்றி, கண்ணை மூடி, கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் கிளம்புவேன். எங்கள் ஊரில் இந்தப் பழக்கம் உள்ளவன் டெலிவரி வேலைக்கு லாயக்கில்லை. தெருவுக்கு ஒரு கோயில். ஒருமுறை ஒரு வாத்தியாரம்மா தோசையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “என்னாங்க, ஜில்லுனு இருக்குது?” என்றார். “சாமி கும்பிட்டுட்டு வந்த தோசைங்க” என்றேன். அதற்குக் கம்பெனியில் எவ்வளவு நட்சத்திரம் போட்டார் என்பதைச் சொல்ல விரும்பவில்லை.

அன்று மாசி மகத் திருவிழாவில் தேர். வெள்ளிக்கிழமை வேறு. செல்வி, “இன்னிக்கி வேலைக்குப் போவாதீங்க, ஊரே அடைச்சிக் கெடக்கும்” என்றாள். நான்தான், ‘ஒரே ஒரு ஆர்டர் முடித்துவிட்டுத் தேருக்கு வந்துவிடுகிறேன்’ என்று கிளம்பினேன். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அவள் தேரடிக்கு வருவதாகவும், நான் அங்கே வந்து சேர்ந்துகொள்வதாகவும் ஏற்பாடு.

அந்த ஒரே ஒரு ஆர்டர் வந்தது. ஜங்ஷன் ரோட்டில் ஒரு மெஸ். ஏழு வகைச் சாதம், ஒவ்வொன்றிலும் மூன்று டப்பா. பையின் ஜிப் மூட மாட்டேன் என்றது. கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய இடம் வடக்குக் கோட்டை வீதி. வண்டியில் ஏறியதுமே போன் வந்தது.

“தம்பி, நான் கருவேப்பிலங்குறிச்சி தெய்வசிகாமணி பேசறேன். சோறு ஆர்டர் போட்டது நான்தான். என் பொண்ணுக்கு இன்னிக்கி அவ மாமியார் வூட்ல வளகாப்பு.”

“ரொம்ப சந்தோசங்க.”

“சந்தோசம் இருக்கட்டும், கேளு. அம்மா வூட்டுச் சோறுன்னு ஏழு வகை வெக்கணும். அதுக்கு அம்மா இல்ல. தவறிடுச்சி. அதோட தங்கச்சி, என் கொழுந்தியா, ஆக்கி எடுத்தாறேன்னு சொல்லியிருந்துச்சி. விடியகாலம் அவங்க பங்காளி வூட்ல ஒரு சாவு. தீட்டாயிடுச்சி. தீட்டு வூட்டு அடுப்புல ஆக்கினத மாசமா இருக்கிற பொண்ணுக்கு வெக்கலாமா, நீயே சொல்லு.”

“வெக்கக் கூடாதுங்க.”

“அதான். எனக்கு சுடுதண்ணி வெக்கத்தான் தெரியும். அக்கா மவன் போன்ல ஆப்பு போட்டுக் குடுத்திருந்தான், அதுல அமுக்கிட்டேன். சம்மந்தி வூட்டுக்குத் தெரியவேணாம் தம்பி. ஏழு தூக்குவாளி எடுத்தாந்திருக்கேன். வூட்டுக்குப் பக்கத்துல ஒரு ஆட்டோவுக்குப் பின்னாடி நிக்கறேன். டப்பாவப் பிரிச்சி தூக்குல கொட்டிக்கிட்டு உள்ள போயிடுவேன். பத்தரைக்கு ராகு காலம் பொறந்துடும். அதுக்குள்ள பொண்ணு வாயில சோறு போவணும். தாயில்லாத பொண்ணுக்கு அப்பன் ஒண்ணும் செய்யலன்னு ஒரு பேச்சு வந்துடக் கூடாது.”

எனக்கு நெஞ்சு உருகிவிட்டது. “ஐயா, இது எங்க வூட்டு விசேசம்னு நெனச்சிக்கிறேன். நீங்க கவலையே படாதீங்க” என்றேன். (இப்போதும் செல்வி வீட்டில் யாருக்காவது கலக்கம் என்றால் இதே வார்த்தையை என் குரலில் சொல்லிக் காட்டுவாள். உடனே எல்லோருக்கும் கலக்கம் கூடிவிடும்.)

தேர் வீதிக்குப் போகிற வழியெல்லாம் தடுப்பு போட்டிருந்தார்கள். “வண்டி போவாது. நடந்து போறதுன்னா போ” என்றார் போலீஸ்காரர். மொபெட்டை ஒரு டீக்கடை ஓரம் விட்டுவிட்டுப் பீரோவோடு நடந்தேன். கூட்டத்துக்குள் நுழைந்தபோது பெரிய தேர் வந்துகொண்டிருந்தது. வீதியைக் கடந்து அந்தப் பக்கம் போய்விட்டால் ஒரு சந்து வழியாக வடக்குக் கோட்டை வீதிக்குப் போய்விடலாம். எத்தனையோ பேர் தேருக்கு முன்னால் குறுக்கே ஓடிக்கொண்டுதான் இருந்தார்கள். எனக்கு மனசு வரவில்லை. சுவாமி வீதிக்கு வந்திருக்கிறார், அவருக்குக் குறுக்கே பார்சலைத் தூக்கிக்கொண்டு ஓடுவதா? அவர் போகட்டும், பிறகு கடக்கலாம் என்று செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கும்பிட்டு நின்றேன்.

அப்போது வடம் நான் நின்ற பக்கமாக ஒதுங்கி வந்தது. வடம் பிடித்திருந்தவர்களில் ஒருவர், இடுப்பில் துண்டு கட்டிய கனத்த ஆள், என்னைப் பார்த்துவிட்டார்.

“என்னா சாமி, நெத்தி நெறைய துந்நூறு பூசிக்கிட்டு வேடிக்கை பாத்துக்கினு நிக்கிற? ஒரு கை புடி!”

அந்த ஒரு நொடியில் என் மூளை ஒரு கணக்குப் போட்டது. தேர் எப்படியும் வடக்குக் கோட்டை வீதி வழியாகத்தான் போக வேண்டும். நானும் அங்கேதான் போக வேண்டும். வடத்தைப் பிடித்துக்கொண்டே போனால் புண்ணியமும் ஆச்சு, டெலிவரியும் ஆச்சு. இதைவிட நல்ல யோசனை என் வாழ்நாளில் எனக்கு வந்ததே இல்லை என்று அப்போது தோன்றியது.

தேர் என்ன வேகத்தில் போகும் என்பதை நான் யோசிக்கவில்லை. அரைக்கால் டவுசர் போட்ட காலத்திலிருந்து வருஷா வருஷம் பார்க்கிற தேர்தான்.

இன்னொன்றும் உண்டு. வடத்தைத் தொட்டுவிட்டால் தேர் ஓரிடத்தில் நிற்கும்வரை கையை எடுக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். கை வைத்தேன். “அரகர மகாதேவா!” என்று கூட்டம் முழங்கியது. தேர் நகர்ந்தது. நகர்ந்தது என்றால், நகர்ந்தது. அவ்வளவுதான்.

கொஞ்ச நேரத்தில் பனியன் பையில் போன் அடித்தது. எடுக்காமல் இருக்கக் கூடாது. இரண்டு கையும் வடத்தில். துண்டுக்காரரைப் பரிதாபமாகப் பார்த்தேன். அவர் ஒரு கையால் என் போனை உருவி, ஸ்பீக்கரில் போட்டு, தானே பேச ஆரம்பித்துவிட்டார்.

“அலோ, யாரு?”

“நான்தான் தெய்வசிகாமணி. தம்பி, மேப்புல நீ நத்த மாதிரி ஊந்துக்கினு வர்ற. வண்டி பஞ்சரா?”

“அவரு தேர் இழுத்துக்கிட்டு இருக்காருங்க.”

“யாரு?”

“இந்த பையி மாட்டின ஆளு.”

 அந்தப் பக்கத்திலிருந்து மெதுவாக, “எஞ் சோறு?” என்று கேட்டது.

“சோறு முதுவுலதாங்க இருக்குது, பத்தரமா இருக்குது” என்று நான் கத்தினேன். “தேரு உங்க வீதிக்குத்தான் வருது! பின்னாடியே சோறும் வருது!”

“யோவ், பத்தரைக்கு ராகு காலம்யா!”

“மூல திரும்பிட்டா வந்துடும்” என்று துண்டுக்காரர் என் சார்பில் வாக்குக் கொடுத்துவிட்டு, போனைத் திரும்பப் பனியன் பையில் போட்டார்.

மூலை திரும்புவது என்றால் என்ன என்று தேர் இழுத்தவர்களுக்குத்தான் தெரியும். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுவார்கள், எடுப்பார்கள், மறுபடி போடுவார்கள். ஒரு முழம் போகும், நிற்பதுபோல நிற்கும், நின்றதா என்று கையை எடுக்கப் போனால் மறுபடி இழுக்கும். வெயில் மண்டையில் ஏறியது. தோள்பட்டையை அந்தப் பை அறுத்தது. ஏழு வகைச் சாதமும் ஏழு மலையாகக் கனத்தது. மேலே பழமலைநாதர் அலங்காரத்தில் ஆடி ஆடி வந்துகொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்து மனமுருகி வேண்டினேன்: ‘அப்பனே, ஒரு தகப்பன் காத்திருக்கிறான். என்னால் பாரம் தாங்க முடியவில்லை. நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.’

இனி எழுதப்போவதுதான் என்னைப் பல வருஷம் எழுத விடாமல் செய்தது.

வேண்டிக்கொண்ட கொஞ்ச நேரத்திலேயே என் முதுகில் பாரம் குறைய ஆரம்பித்தது.

முதலில் பிரமை என்று நினைத்தேன். இல்லை. நிஜமாகவே குறைகிறது. ஒவ்வொரு இழுப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தோள் லேசாகிறது. உடம்பெல்லாம் புல்லரித்தது. நான் யார்? களிமண் கூழ் ஊற்றுகிறவன். எனக்காக, என் முதுகுப் பாரத்தை, அவரே இறங்கி வந்து வாங்கிக்கொள்கிறார்! கண்ணீர் கொட்டியது. துடைக்கக் கை இல்லை. வாய்விட்டு அழுதுகொண்டே, தலையை ஆட்டி ஆட்டி, மூக்கு ஒழுக இழுத்தேன். (எழுதிவிட்டேன், செல்வி.) பக்கத்தில் துண்டுக்காரர்கூட, “அழுவாத சாமி, நல்ல தரிசனந்தான் கெடைச்சிருக்கு ஒனக்கு” என்றார்.

பின்னால் நடந்தது இது. பிற்பாடு விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

எனக்குப் பின்னால் மஞ்சள் புடவை கட்டிய ஒரு அம்மா வந்துகொண்டிருந்தார். தேர் வீதியில் ஒரு மனிதன் மூட்டை நிறையச் சாப்பாட்டோடு, நெற்றியில் திருநீறோடு, வெறுங்காலோடு வடம் பிடித்து வருகிறான் என்றால் அவன் யார்? வேண்டுதல் வைத்து அன்னதானம் செய்கிறவன். எங்கள் ஊரில் யாரும் வேறுவிதமாக நினைக்க மாட்டார்கள். நானே நினைத்திருக்க மாட்டேன். மூட முடியாத ஜிப் வழியாகப் புளிச்சோறு வாசனை வேறு. அந்த அம்மா, “சாமி, பிரசாதம் குடுக்கலாமா?” என்று கேட்டிருக்கிறார். நான் இழுக்கிற வேகத்தில் என் தலை மேலும் கீழும் ஆடியிருக்கிறது. சரி என்கிறார் சாமி என்று ஜிப்பைத் திறந்துவிட்டார்.

தள்ளுமுள்ளு இல்லாமல் கொடுத்திருக்கிறார் என்பதையும் சொல்லியாக வேண்டும். முதலில் வயசானவர்கள், அப்புறம் கைக்குழந்தைக்காரிகள். அந்த அம்மா என்னைப் போல நாலு பேருக்குச் சமம்.

தேர் மூலை திரும்பி வடக்குக் கோட்டை வீதிக்குள் வந்தது. வீட்டுக்கு வீடு கோலம், வாசலில் அர்ச்சனைத் தட்டோடு பெண்கள். ஒரு வீட்டு வாசலில் மாவிலைத் தோரணம் கட்டி, கழுத்தில் மாலையோடு நிறைமாசப் பெண் ஒன்று நின்றுகொண்டிருந்தது. கை இன்னும் வெறும் கையாகத்தான் இருந்தது. சரியாக அந்த வீட்டுக்கு நேரே முட்டுக்கட்டை விழுந்தது. தேர் நின்றது. என் பனியன் பையிலிருந்த போன், ‘கஸ்டமர் இருக்குமிடம் வந்துவிட்டது’ என்று அறிவித்தது.

வாசலுக்குப் பக்கத்தில் நின்ற ஒரு ஆட்டோவுக்குப் பின்னாலிருந்து, வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் போனோடு ஒருவர் பாய்ந்து வந்தார். கண் போனில் ஒருமுறை, தேரில் ஒருமுறை, என் பையில் ஒருமுறை போய் வந்தது.

“நீதானா தம்பி அது?”

“ஐயா! சொன்ன மாதிரி கொண்டாந்துட்டேன்” என்று வடத்தை விட்டுக் கும்பிட்டு, கண்ணீர் காயாத முகத்தோடு பெருமையாகத் திரும்பி முதுகைக் காட்டினேன்.

அவர் பையைத் திறந்தார்.

“தம்பி.”

“ஐயா.”

“உள்ள ஊறுகா பாக்கெட்டுதான் இருக்குது.”

பையைக் கழற்றி நானே பார்த்தேன். கையை விட்டுத் துழாவினேன். ஏழு மலையும் போய்விட்டன. நிமிர்ந்தால், எனக்குப் பின்னால் வீதி நெடுக மெஸ் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு ஜனங்கள் விரலை நக்கிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பெரியவர் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, “புளிச்சோறு பிரமாதம் சாமி. நல்லா இருப்ப” என்றார்.

தெய்வசிகாமணி என்னை அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் அடிக்கவில்லை. வாசலில் நின்ற மகளைப் பார்த்தார். அது அப்பா எங்கே என்று கூட்டத்தில் தேடிக்கொண்டிருந்தது. அவர் ஆட்டோவுக்குப் பின்னால் போய், வரிசையாக அடுக்கி வைத்திருந்த காலித் தூக்குகளுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

“எல்லாம் முடிஞ்சி போச்சி” என்றார். என்னைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை.

மஞ்சள் புடவை அம்மா விஷயம் தெரிந்து வாயில் அடித்துக்கொண்டார். “ஐயையோ, வளகாப்புச் சோத்தையா அள்ளிக் குடுத்தேன்? இந்த ஆளு மண்டைய மண்டைய ஆட்டினானே!” என்று என்னை முறைத்துவிட்டு, ஒரு நொடி யோசித்தார். “எத்தினி மணி? பத்தா? ஏய், ரெண்டு தூக்கு எங்கிட்ட குடு. மொனையில அன்னதானப் பந்தல் இருக்குது. நீ வூடு வூடா போயி கேளு, போ! இன்னிக்கி எல்லா வூட்லயும் சோறு கிண்டி வெச்சிருப்பாங்க.”

ஓடினேன். வாழ்நாளில் யாரிடமும் கை நீட்டிக் கேட்காதவன், அன்றைக்கு வடக்குக் கோட்டை வீதியில் கதவு கதவாகத் தட்டிப் பிச்சை கேட்டேன். முதல் வீட்டில் ஒரு அம்மா என் நீல பனியனைப் பார்த்ததும், “நாங்க ஒண்ணும் ஆர்டர் பண்ணலியே” என்றார்.

“இல்லீங்கம்மா, நான் குடுக்க வரல. வாங்கிட்டுப் போவ வந்திருக்கேன்.”

“என்னாத்த?”

“சோறு.”

“ஏம்ப்பா, ஊருக்கெல்லாம் சோறு போடற கம்பெனி ஒனக்குப் போட மாட்டேங்குதா?”

விஷயத்தைச் சொன்னேன். மூச்சு வாங்கியதில் பாதி புரிந்திருக்காது. ஆனால் ‘வளகாப்பு’, ‘அம்மா இல்ல’ என்ற இரண்டும் அவருக்குப் போதுமாக இருந்தன. தூக்கைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனவர், அது நிறைய எலுமிச்சம்பழச் சோற்றோடு வந்தார். அடுத்த வீட்டில், “தேருக்கு நன்கொட அன்னிக்கே குடுத்தாச்சி” என்று கதவைச் சாத்தப் போனவரிடம் காலை நடுவே வைத்துப் புளிச்சோறு வாங்கினேன். (கால் விரல் நசுங்கியது. வெறுங்கால்.) ஒரு வீட்டில் தேங்காய்ச் சோறு. ஒரு வீட்டில் சர்க்கரைப் பொங்கல். மஞ்சள் புடவை அம்மா பந்தலிலிருந்து சாம்பார் சோறும் தயிர்ச் சோறுமாக வந்து சேர்ந்தார். ஆறு ஆயிற்று. ஏழாவதுக்குத் தெருவில் எங்கே போனாலும் அதே புளி, அதே எலுமிச்சை.

கடைசியாக எதிர் வீடு. அங்கே சரோஜா என்று ஒரு அக்கா. “எங்கிட்ட சோறே இல்லியேப்பா. சேமியாதான் கிண்டியிருக்கேன். இப்பதான் எறக்கினேன். அது சோறு கணக்குல வருமா?”

“இன்னிக்கி வரும்க்கா” என்றேன்.

தெய்வசிகாமணி தூக்குகளை என் பக்கம் தள்ளினார். “நீயே தூக்கிக்கிட்டு வா தம்பி. நான் எடுத்தா கீழ போட்டுடுவேன்” என்றார். பனியனைக் கழற்றி உள்பக்கம் வெளியே வருமாறு போட்டுக்கொண்டேன், கம்பெனி சின்னம் தெரியக் கூடாது என்று. அவசரத்தில் முன்பக்கமும் பின்பக்கமும் மாறிவிட்டதால், கழுத்துக்குப் பின்னால் இருக்க வேண்டிய துண்டுச் சீட்டு என் தொண்டைக்குக் கீழே ஆடியது.  ஏழு தூக்கையும் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் அந்த வீட்டுக்குள் போனேன்.

சம்மந்தியம்மா நல்ல உயரம். பேச்சு குறைவு, பார்வை அதிகம். “யாரு சம்மந்தி இது?” என்றார்.

“எங்க ஊரு தம்பி. தூக்கி வர ஒத்தாசைக்கு.”

சம்மந்தியம்மா என் தொண்டையில் ஆடிய சீட்டைப் பார்த்தார். பிறகு மருமகள் பக்கம் திரும்பினார். பெண்ணை உட்கார வைத்தார்கள். சந்தனம் பூசி வளையல் அடுக்கினார்கள். பிறகு ஒவ்வொரு தூக்காகத் திறந்து இலையில் வைத்தார்கள். ஆறு மூடி திறந்தது. ஏழாவது மூடி திறந்தது. அறையில் இருந்த பெண்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

“இது என்னா சம்மந்தி, சேமியா?”

தெய்வசிகாமணி என்னைப் பார்த்தார்.  நான் சாமியை நினைத்தேன், ஆனால் அன்றைக்கு ஏற்கெனவே ஒருமுறை கூப்பிட்டாகிவிட்டது, மறுபடி கூப்பிடப் பயமாக இருந்தது. தெய்வசிகாமணி ஒருவழியாக, “அது… அவங்க அம்மா வழக்கங்க” என்றார்.

எல்லோரும் பெண்ணைப் பார்த்தார்கள். பெண் அப்பாவைப் பார்த்தது. அவர் சட்டை வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது, வேட்டியில் ஆட்டோ கிரீஸ்.

“ஆமாங்க அத்த” என்றது அந்தப் பெண். “எந்த விசேசம்னாலும் அம்மா சேமியா கிண்டாம இருக்காது. அப்பா ஞாபகமா எடுத்தாந்திருக்காரு.”

(அந்த அம்மாவுக்குச் சேமியாவே ஆகாதாம். புழு மாதிரி இருக்கிறது என்று வாழ்நாளில் வீட்டுக்குள் விட்டதில்லையாம். இதைத் தெய்வசிகாமணி பிற்பாடு என்னிடம் சொன்னபோது சிரித்தார், அழுதார், எது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.)

சம்மந்தியம்மா ஒரு வாய் சேமியாவை எடுத்து மருமகளுக்கு ஊட்டினார். பிறகு தானும் ஒரு வாய் போட்டுக்கொண்டார். மென்றார். ஜன்னல் வழியாக எதிர் வீட்டைப் பார்த்தார். மறுபடி மென்றார்.

“நல்லா இருக்குது” என்றார். “எல்லாருக்கும் வைங்க.”

வெளியே, “அரகர மகாதேவா!” என்று சத்தம் கேட்டது. தேர் கிளம்பிவிட்டது. நான் இல்லாமலேதான். தேரடியில் செல்வியும் பிள்ளைகளும் தேர் பார்த்ததும் நான் இல்லாமலேதான்.

கம்பெனியிலிருந்து சாயந்திரம் ஒரு பெண் பேசினாள். சுத்தமான தமிழ். “சார், உங்கள் வாகனம் ஏன் இவ்வளவு மெதுவாக நகர்ந்தது?” என்று கேட்டாள். தேர் என்று சொன்னேன். “தேர் என்பது உங்கள் சொந்த வாகனமா சார்?” என்றாள். இல்லை, பழமலைநாதருடையது என்றேன். கொஞ்ச நாள் ஆர்டரே வரவில்லை. தெய்வசிகாமணி ஒரு புகாரும் கொடுக்கவில்லை. மெஸ் சோற்றுக்கு நான் ஈடு செய்கிறேன் என்று போனபோது, “சாமி வீதியில ஜனம் துன்ன சோறுய்யா அது, எம் பேத்திக்குப் புண்ணியம்” என்று திருப்பி அனுப்பிவிட்டார். பேத்தி என்று அவராகவே முடிவு செய்திருந்தார். பேத்திதான் பிறந்தது.

அந்தக் குழந்தையின் காதுகுத்துக்கு என்னைக் குடும்பத்தோடு கூப்பிட்டிருந்தார்கள். சாப்பிட்டு முடிந்ததும் தெய்வசிகாமணிக்கு என்ன தோன்றியதோ, சம்மந்தியம்மா முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். தீட்டு, மெஸ், தேர், ஊறுகாய் பாக்கெட், எதிர் வீட்டுச் சேமியா, எல்லாவற்றையும்.

சம்மந்தியம்மா வெற்றிலை மடித்துக்கொண்டே கேட்டார். “தெரியும் சம்மந்தி” என்றார். “சேமியாவுல பட்டை தட்டிப் போடறவ இந்த வீதியில சரோசா ஒருத்திதான். எதுத்த வூட்டு ருசி எனக்குத் தெரியாதா?”

“அப்பவே தெரியுமா? அப்பறம் ஏங்க ஒண்ணும் கேக்கல?”

“கேட்டிருந்தா உங்க பொண்ணு முழுங்காம நிறுத்தியிருக்கும்.” வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். “நல்ல நேரம் போயிட்டிருந்துச்சி.”

இதோடு முடிந்திருந்தால் நான் எழுத உட்கார்ந்திருக்கவே மாட்டேன். அடுத்த வருஷம் அவருடைய சின்ன மருமகளுக்கு வளைகாப்பு. பெண் வீடு பெண்ணாடம். ஏழு தூக்கில் ஏழு வகை, ஒரு குறையும் இல்லாமல் செய்து கொண்டுவந்திருந்தார்கள். சம்மந்தியம்மா எல்லா மூடியையும் திறந்து பார்த்துவிட்டு, “சேமியா எங்க?” என்று கேட்டாராம். பெண்ணாடத்துக்காரர்கள் திருதிருவென்று விழித்திருக்கிறார்கள். “பெரியவளுக்கு வெச்சோம், சுகப்பிரசவம் ஆச்சி. சின்னவளுக்கு வெக்காம உட்டா மனசு கேக்குமா? எங்க வூட்டு வழக்கம்” என்று எதிர் வீட்டுக்கு ஆள் அனுப்பியிருக்கிறார். இப்போது அந்த வீதியில் நாலைந்து வீடுகளில் வளைகாப்பு என்றால் சேமியா இல்லாமல் நடக்காது. போன மாசம் என் அக்கா மகளுக்கு வளைகாப்பு. ஒரு தூக்கில் சேமியா இருந்தது. இது எதற்கு என்று கேட்டேன். “காலங்காலமா வெக்கறது மாமா, உனக்கு என்னா தெரியும்?” என்று என்னை அதட்டிவிட்டார்கள். செல்வி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினாள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்தக் கதை ஊரில் பல மாதிரி உலவுகிறது. சுவாமியே தேரிலிருந்து கை நீட்டிச் சோறு வாங்கிச் சாப்பிட்டார் என்கிறார்கள். காலிப் பை தானாக நிரம்பியது என்கிறார்கள். இரண்டும் இல்லை. சாப்பிட்டவர்கள் பசியோடு வந்த ஜனங்கள். நிரப்பியவர்கள் முகம் தெரியாதவனுக்குக் கதவைத் திறந்த பெண்கள். அவர்களுக்குள் அவர் இருந்தார் என்று நான் நம்புகிறேன். அதற்குமேல் சேர்த்துச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

நீங்கள் இதைப் படித்துவிட்டு நூறு பேருக்கு அச்சடித்துக் கொடுக்க வேண்டாம். கொடுக்காவிட்டால் ஒரு கெடுதலும் வராது. ஆனால் யாரிடமாவது சொல்ல நேர்ந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் முட்டாளாகச் சொல்லலாம், அது உண்மை. சேமியாவை மட்டும் தயவு செய்து கேசரி என்று மாற்றிவிடாதீர்கள். அந்தப் பெண் அப்பாவுக்காகப் பொய் சொன்னது சேமியாவின் பேரில்தான்.